நான் ஓட்டியதாகச் சொன்ன கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய இருவரிடம் ஆறு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டு, முன்பின் தெரியாத வாசகரிடம் அவசரமாகச் சொல்வதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

முயற்சி செய்யவில்லை என்றில்லை. முப்பத்திரண்டாவது வயதில் பாரிஸில் ஓட்டுநர் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். எழுத்துப் பரீட்சையில் நாற்பதுக்கு நாற்பது எடுத்தேன். பள்ளிக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். வீதியில் ஓட்டிக் காட்டும் பரீட்சையில் மூன்று முறை தோற்றேன். முதல் முறை சுற்றுவட்டத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டாம் முறை ஏற்றத்தில் கார் பின்னால் உருண்டது. மூன்றாம் முறை பாதசாரிக் கடவையில் ஒரு பெண், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் காலால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். பரீட்சகர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் எங்களைப் பார்க்கக்கூட இல்லை, கடந்து போய்விட்டாள். நான் அதற்குப் பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவில்லை.

பாரிஸில் இருப்பவனிடம் "ஏன் கார் இல்லை" என்று யாரும் கேட்பதில்லை. நிறுத்த இடம் இல்லை என்று சொன்னால் போதும், கேட்டவரே அரை மணி நேரம் தன் கஷ்டத்தைச் சொல்வார். மெத்ரோ இருக்கிறது, பஸ் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை, என் தொழில். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சிறிய அலுவலகத்தில் எங்கள் ஆட்களுக்குப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். வதிவிட அட்டை, குடும்பக் கொடுப்பனவு, பெர்மி. பெர்மி என்றால் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம். லாச்சப்பலில் அதற்கு வேறு பெயர் கிடையாது. எத்தனையோ பேருக்குப் பெர்மி விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எங்கள் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் பின்னேரம் மூன்று மணிக்கு, மெத்ரோப் பாலத்துக்கு எதிரில் உள்ள தேத்தண்ணிக்கடையில் மூன்று பேர் கூடுவோம். நான் ஒருவன். மற்றவர் அதே தெருவில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர், புறநகரான பொண்டியில் வீடு. மூன்றாமவர் இன்னொரு புறநகரான கூசேன்வில்லில் இருந்து வருவார். விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றி இறக்கும் வேலை. எங்கள் மூவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில், நடுத்தரமான காருக்குள் அளவுக்கு மீறிய எஞ்சினைத் திணித்து விற்றார்களே, அந்தக் கார்களின் மேல் பைத்தியம். மசில் கார் என்பார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவரிடமும் அப்படி ஒன்று இருக்கவில்லை. பதினான்கு வருடமாக, இல்லாத கார்களுக்காகச் சண்டை பிடித்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. விமான நிலையக்காரர் 1969ஆம் ஆண்டுக் கமாரோ. அந்த முகம் அந்த ஒரு வருடம் மட்டும்தான் வந்தது, அடுத்த வருடம் மாற்றிவிட்டார்கள் என்பதை அவர் சொந்த வீட்டுத் துக்கத்தைப் போலச் சொல்வார். கடைக்காரர் 1967ஆம் ஆண்டு மஸ்டாங், கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் வகை. "நிப்பாட்டி வைச்சாலும் ஓடிக்கொண்டு நிக்கும்" என்பார். என்ன பொருள் என்று கேட்டால், "பாத்தாத் தெரியும்" என்பார். அதற்கு மேல் அவருக்கு வாதம் வராது.

நான் 1969ஆம் ஆண்டுச் சார்ஜர். முன்பக்கம் முழுவதும் கறுப்புச் சட்டம், நடுவில் மட்டும் ஒரு பிரிப்பு. விளக்குகள் அதற்குள் மறைந்திருக்கும், போட்டால்தான் கதவு திறந்து கண் விழிக்கும். இடுப்பில் ஒரு ஒடுக்கம், பின்னால் ஒரு அகலம். பெரிய எஞ்சின் ஏழு தசம் இரண்டு லீற்றர், முந்நூற்று எழுபத்தைந்து குதிரைவலு. இதையெல்லாம் நான் பார்த்து வாசிப்பதில்லை. கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எழுத்துப் பரீட்சையில் நாற்பது எடுத்த அதே மூளைதான்.

"கமாரோவுக்கும் முந்நூற்று எழுபத்தைஞ்சுதானே அண்ணை, அது உங்கடையை விடப் பாரம் குறைவு" என்பார் விமான நிலையக்காரர்.

"பாரம் குறைஞ்சது சைக்கிளும்தான்" என்பேன்.

கடைக்காரர் சிரிப்பார். அவருக்கு என் வாய் பிடிக்கும். யாருடைய கார் வென்றது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. வழக்காளியே நீதவானாக இருப்பது முறை இல்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் நான் சொல்லும் எதற்கும் அவ்வளவு மரியாதை இல்லை. திங்கட்கிழமை பின்னேரம் மட்டும் ஒரு மேசையில் மூன்றில் இரண்டு பேர் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்கள். அந்த மேசை எனக்கு வேண்டியிருந்தது.

கடைக்காரரின் மனைவி இடையிடையே வந்து தலை காட்டுவார். கடையின் வெள்ளை வானை ஓட்டுபவர் அவர்தான். கிழமையில் ஐந்து நாள் விடிய முன் மொத்தச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருவார். இருபது வருடமாக வருகிறார். கடைச் சாவியை வாங்க வந்தவர் ஒருமுறை நாங்கள் கதைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இதுக்குள்ளை எத்தினை பெட்டி கத்தரிக்காய் ஏத்தலாம்?"

"அது அதுக்கில்லை" என்றார் கணவர்.

"அப்ப எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நாங்கள் மூவரும் அவருடைய அறியாமைக்காக ஒருமித்துத் தலையாட்டினோம். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் வண்டி ஓட்டியே பிழைக்கும் ஆள் அவர் ஒருவர்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

என் பொய் ஏழு வருடத்துக்கு முன் பிறந்தது. ரொறன்ரோவில் பெரியப்பாவின் மகளுக்குக் கலியாணம். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் கராஜில் ஒரு சார்ஜரைத் துணியால் மூடி வைத்திருந்தார். அறுபத்தொன்பதாம் ஆண்டுதான். நான் எண்களாகச் சொல்லிக்கொண்டு போக அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் இருத்தினார். சாவியைத் திருப்பச் சொன்னார். பத்து நிமிடம் அந்த எஞ்சின் சத்தத்துக்குள் இருந்தேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கார் ஓர் அங்குலமும் அசையவில்லை.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, சார்ஜரைக் கண்டேன் என்றேன்.

"ஏறினனீங்களோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம்."

"ஓட்டினனீங்களோ?"

"ஓம்."

முதலாவது ஓம் வந்த வேகத்திலேயே இரண்டாவதும் வந்துவிட்டது. திருத்துவதற்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் கடைக்காரர் தன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "உதைக் குடிச்சுக்கொண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். நான் ஆறுதலாகச் சொன்னேன். ரொறன்ரோவின் பெருஞ்சாலை, ஸ்டியரிங்கின் லேசு, கால் வைத்ததும் மூக்கு மேலே எழுவது. எல்லாம் வாசித்தவை. நான் கத்தோலிக்கன், வருடத்துக்கு இரண்டு முறையாவது பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன். இதை ஒருபோதும் அங்கே சொன்னதில்லை. பிறருக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்றுதானே கட்டளை, இதில் யாருக்கு விரோதம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

போன வருடம் கடைக்காரருக்கு ஐம்பது வயது நிறையவிருந்தது. ஒரு திங்கட்கிழமை, கோப்பை வைத்த வட்டத்தை விரலால் துடைத்துக்கொண்டே, "நான் ஒண்டு வாங்கப்போறன்" என்றார். விமான நிலையக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வீடு வாங்கியபோதுகூட நாங்கள் அப்படி எழுந்திருக்கவில்லை.

இரண்டு கார் பார்த்து வைத்திருந்தார். லியோன் பக்கம் ஒரு மஸ்டாங். பெல்ஜியத்தில் ஒரு சார்ஜர். கமாரோ கிடைக்கவில்லை என்பதில் விமான நிலையக்காரருக்கு ஒரு கிழமை முகமே சரியில்லை. லியோனுக்குக் கடைக்காரர் ரயிலில் போய் மஸ்டாங்கை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வந்த திங்கட்கிழமை அவருடைய முகத்தைப் பார்த்தேன். கலியாணத்துக்குப் பெண் பார்த்துப் பிடித்துப்போய் வந்தவனின் முகம். கதவு சாத்தும் சத்தத்தைக்கூட இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

அப்போது எனக்கு வந்தது பொறாமை. வேறு பெயர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. பதினான்கு வருடமாக நான் வென்ற வழக்கில், கடைசியில் மஸ்டாங் நிஜமாக வந்து கதவைச் சாத்திவிட்டுப் போகப்போகிறது. அவர் ஒரு காரை ஓட்டியிருக்கிறார், நான் ஒன்றையும் ஓட்டவில்லை. அந்தப் பொறாமையை நான் எண்களால் மூடினேன். மஸ்டாங்கின் எஞ்சின் சின்னது, அது ஊரெல்லாம் ஓடிய கார், பாரிஸிலேயே தெருவுக்கு ஒன்று கிடைக்கும், சார்ஜர் என்றால் நின்று பார்ப்பார்கள். நாலு திங்கட்கிழமை இதையே அரைத்தேன். அம்மி தேய்ந்துவிடும் அளவுக்கு அரைத்தேன்.

நாலாவது திங்கட்கிழமை அவருடைய மனைவி வந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி.

"வீட்டுக் கராஜை அளந்தனான். உள்ளுக்கை அஞ்சு மீற்றர் பத்து. நீங்கள் சொல்லுற கார் எவ்வளவு நீளம்?"

அவர் என்னைத்தான் கேட்டார். மஸ்டாங் நாலு மீற்றர் அறுபத்தாறு. சார்ஜர் ஐந்து மீற்றர் இருபத்தெட்டு. பதினான்கு வருடத்தில் குதிரைவலு, பற்சில்லு, வில்லுத்தகடு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டிருந்த நாங்கள் நீளத்தை ஒருமுறையும் ஒப்பிட்டதில்லை. ஆனால் எண் எனக்குத் தெரியும். சொன்னேன்.

"அப்ப கதவு சாத்தாது" என்றார்.

"தங்கச்சி, காருக்கேத்த கராஜைத்தான் பாக்கவேணும். கராஜுக்கேத்த காரைப் பாக்கிறேல்லை" என்றேன்.

கடையில் இருந்த மற்ற மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கடைக்காரரும் சிரித்து முடித்தார். பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டார்.

"அண்ணை, நான் மஸ்டாங்கை ஓடினனான். நல்லாயிருந்தது. சார்ஜரை ஓட எனக்குப் பெல்ஜியம் போக நேரமில்லை, வேறை ஆரும் முந்தி எடுத்திடுவினம். நீங்கள் சார்ஜரை ஓடினனீங்கள். உள்ளதைச் சொல்லுங்கோ. எது?"

இதுதான் அந்த இடம். இதற்கு முன்னால் என் பொய் யாருக்கும் பாரமில்லாத பொய். இந்தக் கேள்விக்குப் பிறகு அது ஒருவரின் ஐம்பதாவது வயதின் மேல் ஏறி உட்காரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

"சார்ஜர்" என்றேன். "ஒருக்கா அதிலை இருந்தா மற்றது உங்களுக்கு விளையாட்டுச் சாமான்."

இரண்டு கிழமைக்குள் அவர் பெல்ஜியத்தில் இருந்து கொண்டு வந்துவிட்டார். அவர் காரில், மனைவி பின்னால் வானில். கடும் பச்சை. வீட்டுக் கராஜுக்குள் தள்ளிப் பார்த்தார்கள், சுவர்த் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள், சாய்த்து விட்டுப் பார்த்தார்கள். பதினெட்டுச் சென்ரிமீற்றர் வெளியே நின்றது. கடைசியில் லா கூர்னெவ்வில் ஒரு களஞ்சியத்தின் மூலையில் வாடகைக்கு இடம் பிடித்தார். வீட்டில் இருந்து பார்க்க முடியாத இடத்தில் கார் நின்றது. காலையில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்று பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையே. அதை அவர் எனக்கு ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார்.

வாகனத்துக்குப் பூசை வைக்க ஒரு வெள்ளிக்கிழமை காலை நாள் பார்த்தார்கள். கோயில் இருக்கும் தெருவில் ஏழு மணிக்கு முன்பே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் போனபோது ஐயர் எஞ்சின் மூடியில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். விமான நிலையக்காரர் கையில் ஒரு மென்துணியோடு பக்கத்திலேயே நின்றார். சந்தனம் காய்ந்து காரின் நிறப்பூச்சில் பிடித்துவிடும் என்ற பயம். ஐயர் ஒரு பொட்டு வைப்பார், இவர் அதன் ஓரத்தைத் துடைப்பார். ஐயர் இரண்டு முறை முறைத்துப் பார்த்தார்.

நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்கள். முன்னால் கற்பூரத் தட்டோடு கடைக்காரரின் மனைவி. அவர் பக்கத்தில் மகள், கையில் தேங்காய். வேலைக்குப் போகிறவர்கள், பாண் வாங்க வந்தவர்கள், எதிர்க் கட்டடத்தில் குப்பைத்தொட்டி இழுத்துக்கொண்டிருந்த ஆபிரிக்கர் என்று ஒரு இருபது பேர் நின்றிருப்பார்கள். பூசை முடிந்ததும் காரை யார் முதலில் எடுத்துத் தேசிக்காயை நசுக்குகிறாரோ அவருடைய கைராசி காருக்கு வரும் என்பது நம்பிக்கை. வழக்கமாகச் சொந்தக்காரரே எடுப்பார், அல்லது குடும்பத்தில் நன்றாக இருக்கும் ஒருவரை எடுக்கச் சொல்வார்.

கடைக்காரர் வெற்றிலையில் சாவியை வைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, எங்களுக்குள்ளை உதை முதன்முதல் ஓடின கை உங்கடை கைதான். நீங்கள்தான் எடுக்கவேணும்."

"நான் வேதக்காரன்" என்றேன். கிடைத்த முதல் மரத்தில் ஏறப் பார்த்தேன்.

"தேசிக்காய்க்குச் சமயம் தெரியாது, எடுங்கோ" என்றார் ஐயர். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் எனக்கு ஒரு மரியாதை செய்கிறார், அதை எத்தனையோ நாளாக யோசித்து வைத்திருக்கிறார் என்பது விளங்கியது. அந்தச் சாவியை வாங்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். கதவு சாத்தும் சத்தம் ரொறன்ரோவில் கேட்ட அதே சத்தம். எனக்கு எல்லாம் தெரியும். சாவி எங்கே, கியர்க் கம்பு எங்கே, அதில் P, R, N, D என்று எந்த எழுத்துக்கு எவ்வளவு கீழே இழுக்கவேண்டும், எல்லாம். இரண்டு மீற்றர்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மீற்றர் ஓட்டிவிட்டால் பொய் உண்மையாகிவிடும், சார்ஜரை ஓட்டியவன் என்று செத்த பிறகும் சொல்வார்கள். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எழுந்தது. தெருவில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். கடைக்காரரின் மனைவியும் மகளும் மட்டும் போகவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

காலைப் பெடலில் வைத்தேன். எவ்வளவு அமர்த்தினால் எவ்வளவு போகும் என்று என் காலுக்குத் தெரியவில்லை. முந்நூற்று எழுபத்தைந்து குதிரைவலு என்று வாயால் சொன்னவன் நான். கால் அதை ஒருமுறையும் கேள்விப்பட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சின்ன வயதில் படித்ததை அன்றைக்குத்தான் இருக்கையில் இருந்து விளங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே, நீண்ட பச்சை மூடியின் முனையில், கடைக்காரரின் மகள் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

எஞ்சினை நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். இறங்கவில்லை.

"என்ன அண்ணை?"

"எனக்குப் பெர்மி இல்லை."

"வீட்டை விட்டிட்டு வந்திட்டியளோ? ரெண்டு மீற்றர்தானே, பொலிஸ் ஒண்டும் வராது."

"விட்டிட்டு வரேல்லை. எடுக்கவேயில்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

அவர் கதவில் கை வைத்துக் குனிந்தார்.

"அப்ப கனடாவிலை?"

"ஏறி இருந்தனான். ஸ்டார்ட் பண்ணினனான். ஓட்டேல்லை."

விமான நிலையக்காரர் கையில் இருந்த துணியை மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை இன்னொருமுறை மடித்தார். ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரம் போகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார். கற்பூரம் அணையப் போனது. கடைக்காரரின் மனைவி தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, மூடியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"இறங்குங்கோ அண்ணை."

இறங்கினேன். அவர் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறினார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடியைத் திருத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். மகளுக்குத் தள்ளி நில் என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு அந்தக் கார் நடக்கப் பழகும் பிள்ளையை நடத்துவதைப் போல மெல்ல அசைந்தது. முன் சில்லுத் தேசிக்காய் இரண்டும் ஒன்றாக நசுங்கின, பின் சில்லு இரண்டும் ஒன்றாக நசுங்கின. ஒன்றுகூட வழுக்கி ஓடவில்லை. தேங்காய் உடைந்தது. கூட்டம் கை தட்டியது.

"முன்பக்கம் நீளம். திருப்பேக்கை பாத்து எடுக்கவேணும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். பதினான்கு வருடத்தில் சார்ஜரை ஓட்டிவிட்டு ஒருவர் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

நான் போய்விடலாம் என்று தெருமுனைப் பக்கம் நடந்தேன். கடைக்காரர் பின்னால் வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருக்கலாம். யாழ்ப்பாணத்தானின் வாயில் அதற்கு வேண்டிய சொற்கள் தாராளமாக இருக்கின்றன; நான் அவற்றுக்குத் தயாராக இருந்தேன்.

"நான் மஸ்டாங்கைத்தான் எடுக்க இருந்தனான், அண்ணை" என்றார்.

அவ்வளவுதான். ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்திருந்தார். அதை என் கையில் தந்துவிட்டு, மற்ற ஆட்களுக்குக் கொடுக்கப் போனார். தெருமுனையில் நின்று அதைச் சாப்பிட்டு முடித்தேன். என்ன செய்வது, கையில் தந்துவிட்டாரே.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் நான் போகவில்லை. வீட்டில் இருந்து துணி மடித்தேன். மனைவி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு ஓடத் தெரியாதெண்டு அவைக்குத் தெரியாதோ?" என்று ஆச்சரியப்பட்டாள். நான் எதையும் ஒளிக்கிறேன் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பிரெஞ்சுக்காரர். சார்ஜர் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து, எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அது அவ்வளவு மலிவாக முடிந்ததில் எனக்கு ஆறுதல் இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விமான நிலையக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கு வாங்கோ. ரெண்டு பேரா இருந்து என்னத்தைக் கதைக்கிறது" என்றார். கடைக்காரர் சொல்லி எடுத்தாரா, தானாக எடுத்தாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

போனேன். எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொல்லியிருந்தார்கள். யாரும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. கடைக்காரர், லா கூர்னெவ்வுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் காரைத் துடைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஓட்டம் எப்படி என்று விமான நிலையக்காரர் கேட்க, "பழகுது" என்றார். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு பழைய தடத்துக்கு வந்தது. கமாரோவின் எஞ்சின்களில் எது அரிது, எந்த நிறம் அந்தக் காலத்தில் விலைப்பட்டது. நான் அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டு இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு இடத்தில் இருவரும் தடுமாறினார்கள். சார்ஜரின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று விமான நிலையக்காரர் கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது.

"ரெண்டு மீற்றர் தொண்ணூற்றேழு."

கடைக்காரர் "ஓம்" என்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே சட்டைப் பையில் இருந்து தொலைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேடினார். முன்பு ஒருநாளும் அவர் அப்படித் தேடியதில்லை. என்னைக் குத்துவதற்காகவும் அதைச் செய்யவில்லை. குத்த நினைத்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். அவருக்கு அந்த எண் சரியாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ரெண்டு தொண்ணூற்றேழு. சரியாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஐம்பத்தாறு வயதில், தேத்தண்ணிக்கடையில், சரியாகச் சொன்ன ஓர் எண்ணுக்காக.

"அப்ப மஸ்டாங்குக்கு எவ்வளவு?" என்றார் விமான நிலையக்காரர். கடைக்காரர் மறுபடியும் தொலைபேசியைத் தடவ ஆரம்பித்தார். இரண்டு எழுபத்து நாலு. எனக்குத் தெரியும். அவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.